பாயின் நிழலைக் கணக்கில் சேர்க்காத நான்

"மேப்ல படகு நகரவே இல்ல சார். ரெண்டு மணி நேரமா ஒரே இடத்துல நிக்குது. ரேடியோவுலயும் பதில் இல்ல. நீங்க போட்ட சோலார்லதானே எல்லாம் ஓடுது?"

சிட்லபாக்கத்திலிருந்து மைதிலி அம்மா போனில் கேட்டபோது நான் திருமுடிவாக்கத்தில் எங்கள் பட்டறையில் இருந்தேன். மாலை நான்கு மணி. அவர் கணவர் ராகவன், பணி ஓய்வுக்குப் பின் வாங்கிய சிறிய பாய்மரப் படகில், ஏழுமலை என்ற மீனவரோடு புதுச்சேரி போய்விட்டு அன்று திரும்பிக்கொண்டிருந்தார்.

அதுவரை நான் வீட்டு மாடிகளில் மட்டுமே பேனல் போட்டவன். படகுக்கு லோடு கணக்கைக் கவனமாகத்தான் எழுதினேன். ரேடியோ, படகு இருக்கும் இடத்தை மேப்பில் காட்டும் டிராக்கர், விளக்குகள், உள்ளே கசியும் நீரை வெளியேற்றும் பம்பு. ஒவ்வொன்றும் எத்தனை வாட், எத்தனை மணி நேரம் என்று. கேபின் கூரையில் இரண்டு பேனல், ஒன்றோடொன்று தொடராக, சீரீஸில். தாளில் ஒரு குறையும் இல்லை.

பேனலைப் பொருத்தும்போது ஏழுமலை சொன்னார்: "அண்ணா, மத்தியானத்துக்கு மேல பாய் இந்தாண்ட சாஞ்சிக்கும். நெழலு பூரா இது மேலதான் வுழும். பின்னால வெச்சா இன்னா?"

"அதுக்கு தனியா ஃபிரேம் கட்டணும்ப்பா. இதுவே போதும். கணக்குல எக்ஸ்ட்ராவே விட்டிருக்கேன்" என்றேன்.

சீரீஸில் ஒரு பேனலில் நிழல் விழுந்தால் இரண்டின் சார்ஜும் குறையும். அது எனக்குத் தெரியாததல்ல. மாடியில் மரத்தின் நிழல் சிறிது நேரத்தில் விலகிவிடும். பாயின் நிழல் படகோடு கூடவே வரும் என்று நான் யோசிக்கவில்லை.

கடலோரக் காவல் படைக்குத் தகவல் சொல்லிவிட்டு மைதிலி அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டேன். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் "அவருக்கு பிரஷர் இருக்கு" என்றார்.

நாங்கள் கரையில் காத்திருக்க, இருட்டுவதற்குள் படகு பாயிலேயே வந்துவிட்டது. ராகவன் சாரால் நிற்க முடியவில்லை, மணலில் உட்கார்ந்துவிட்டார். பேட்டரி தீர்ந்து டிராக்கர், ரேடியோவோடு பம்பும் நின்றதும் இருவரும் மாறி மாறி வாளியால் இறைத்திருக்கிறார்கள். ஏழுமலையின் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

"பேனல் மட்டமான சரக்கோ?" என்று ராகவன் சார் கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஏழுமலை என்னைப் பார்த்தார்.

"பேனல் நல்லாதான் இருக்கு சார். நிழல் விழும்னு இவர் அன்னைக்கே சொன்னாரு. நான்தான் கேக்கல."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார் மைதிலி அம்மா என்னிடம்.

அடுத்த வாரம் நானே படகில் ஏறினேன். ஏழுமலை பாயை இப்படியும் அப்படியும் திருப்ப, நான் கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்துக்கொண்டே, நிழல் விழுந்த இடங்களைச் சாக்பீசால் குறித்தேன். நிழல் அதிகம் தொடாத இடம் அவர் சொன்ன பின்பக்கம்தான். அங்கே ஃபிரேம் கட்டி, ஒன்றில் நிழல் விழுந்தாலும் மற்றது குறையாதபடி ஒவ்வொரு பேனலுக்கும் தனி சார்ஜ் கன்ட்ரோலர் வைத்தேன். ரேடியோவுக்கென்றே தனியாக ஒரு சிறிய பேட்டரியும் வைத்தேன்.

படகு மறுபடி புதுச்சேரி போய் வந்தது. மைதிலி அம்மா மட்டும் அதன்பின் என்னிடம் பேசவில்லை. அதில் நியாயம் இருக்கிறது.

இப்போதெல்லாம் எந்த வேலையென்றாலும், அந்த இடத்தில் தினமும் புழங்குபவரிடம் முதலில் கேட்கிறேன். அதன்பிறகுதான் பேப்பரைத் தொடுகிறேன். என் கணக்கு தவறினால் நடுக்கடலில் இருக்கப்போவது நானல்ல.