டேப்பைத் திருப்பிப் போட்டுச் சிரித்தவர்

கறுப்பு நிற டேப் ரெக்கார்டர் அது. பேராசிரியர் அதை மேசையில் என் பக்கம் தள்ளி வைத்தபோது நான் பயப்படவில்லை. பேச்சுப் பயிற்சி மேற்படிப்புக்கு ஆள் எடுக்கிறவர்கள் குரலைப் பதிவு செய்யத்தானே செய்வார்கள்? “உங்க ஊரைப் பத்திச் சொல்லும்மா” என்றார். பென்னாகரம் பக்கத்தில் பேச்சு வராத குழந்தைகளுக்கு நாக்கில் வசம்பு தேய்ப்பதைச் சொன்னேன். அதற்கும் பேசாவிட்டால் நாக்கடியில் இருக்கும் சவ்வைக் கீறிவிடுவதையும், கீறிய பிறகும் ஊமையாகவே வளரும் என் அக்கா மகனையும் பற்றிச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் இதற்கென்று படித்தவர் ஒருவரும் இல்லை, படித்துவிட்டு அங்கேயே திரும்பிப் போவேன் என்றேன்.

அவர் டேப்பைத் திருப்பி ஓடவிட்டார். “எங்க வூட்டுல…” என்று என் குரல் வந்தது. நிறுத்தினார். மறுபடியும் திருப்பினார். “எங்க வூட்டுல…” குழுவில் இருந்த மற்ற இருவரும் சிரித்தார்கள். “முதல்ல உனக்கே ட்ரீட்மென்ட் வேணும்மா. இந்த நாக்கை வச்சுக்கிட்டு நீ யாருக்குப் பேச்சு சொல்லித் தரப்போற?” என்றார். பட்டப்படிப்பில் கல்லூரியிலேயே முதலாவதாக வந்தவள் நான். அதைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. சீட்டும் இல்லை.

ஊருக்கு வந்து அழுதேன். அம்மா ஜெபமாலையைக் கையில் பிடித்தபடியே சபித்தாள்: “அவன் வாயில புழு வைக்க! சேசுவே, என்னெ மன்னிச்சிரு.” அந்த மன்னிப்பை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் நான் தினமும் சொல்லிக்கொண்டேன். அடுத்த வருடம் வேறு மாநிலத்தில் இடம் கிடைத்தது. அங்கே என் நாக்கை யாரும் சோதிக்கவில்லை. படித்து முடித்து நம் பக்கமே திரும்பி வந்து ஒரு கல்லூரியில் விரிவுரையாளரானேன். அங்கும் குரல் சோதனை இருந்தது. சண்டை போட்டு அதைத் தூக்கினேன். அதற்குப் பதிலாக, விண்ணப்பித்தவர்கள் பாப்பாரப்பட்டியில் நான் நடத்தும் முகாமுக்கு வந்து ஒரு குழந்தையோடு உட்கார வேண்டும். அந்தக் குழந்தையிடம் எப்படிப் பழகுகிறார்கள் என்பதற்குத்தான் மதிப்பெண்.

எண்பதுகள் முடியும் சமயம், விண்ணப்பித்திருந்த ஒரு பையன் முகாமுக்குத் தன் அப்பாவோடு வந்தான். அப்பாவைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தப் பேராசிரியரேதான், ஓய்வு பெற்றிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. “பையனைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க மேடம்” என்று கும்பிட்டார். மாட்டினாயடா என்று நினைத்தேன். இருக்கிற குழந்தைகளிலேயே யாரிடமும் ஒட்டாத ஒரு சிறுமியைத் தேடிப் பிடித்து அவன் முன்னால் உட்காரவைத்தேன். அதற்காக எனக்கு இன்றைக்கும் வெட்கம் இல்லை.

பாவி, அவன் நன்றாகச் செய்துவிட்டான். சிறுமியைப் பேசச் சொல்லி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் தாய் கன்னடத்தில் கொஞ்சுவதைக் கவனித்து, புளியங்கொட்டைக்கு உங்க வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று தாயிடம் கேட்டுக்கொண்டான். தரையில் படுத்துக்கொண்டு கொட்டைகளை உருட்டினான். கடைசியில் அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, இன்னொன்று வேண்டும் என்று குரல் கொடுத்தாள். மதிப்பெண் போட உட்கார்ந்தேன். இரண்டு மதிப்பெண் குறைத்தால் போதும், ஆள் காலி. யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் அந்த ஆளைப் போலவே நானும் ஆவதா? முழு மதிப்பெண் போட்டேன். அன்றைக்கு அவன்தான் முதல்.

முடிவைச் சொன்னதும் பேராசிரியர் ஓடி வந்தார். “ரொம்பப் பெரிய மனசு மேடம் உங்களுக்கு.”

“மனசெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. பையன் நல்லா செஞ்சான், சீட்டு கெடச்சுது. எனக்கும் அப்படித்தான் கெடச்சிருக்கணும். நான் பென்னாகரத்துக்காரிங்க. என் பேச்சைத் திருப்பித் திருப்பிப் போட்டுச் சிரிச்சீங்களே, ஞாபகம் இல்லைங்களா?”

அவர் முகம் வெளுத்தது. பையன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “என்னப்பா? மேடத்தை என்ன பண்ணீங்க?”

“அப்பாவே சொல்லட்டும் தம்பி” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அவர் வாயைத் திறந்தார், மூடினார். மறுபடியும் திறந்தார். சத்தமே வரவில்லை. வெளியே, வந்தவர்களை ஏற்றிப்போகும் வேன் புறப்படப் போகிறது என்று யாரோ கூப்பிட்டார்கள்.

“வேன் நிக்குங்க” என்றேன். “நீங்க நிதானமா சொல்லுங்க.”