சீமெந்து குடித்த ரயர்கள்

காருக்குப் பனிக்கால ஸ்னோ ரயர் வாங்கிய நாளிலிருந்து ஊரே எனக்குப் புத்தி சொன்னது. தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் எங்கள் ஆட்களுக்குள் ஸ்னோ ரயர் போட்டவர்களைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். எல்லாக் காலத்துக்கும் ஓடுகிற ரயர் இருக்கும்போது உனக்கென்ன தனிப் பவிசு என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். கேட்டவர்கள் யாரும் பனி மாரியில் தூரத்து விட்பி நகருக்கு வேலைக்குப் போகவில்லை. என் மனைவி போனாள். மில்லிக்கனில் நாங்கள் வாடகைக்கு இருந்த நிலக்கீழ் பேஸ்மென்ரிலிருந்து விடியப் புறப்பட்டு, அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். முந்தைய மாரியில் நெடுஞ்சாலையில் கார் வழுக்கி, ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, வந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. பின்னால் லொறி எதுவும் வராதபடியால் அவள் எனக்கு மிஞ்சினாள். அடுத்த கிழமையே ரயர் வாங்கினேன். இனிப் பயமில்லை என்று நான் சொன்னதை நம்பித்தான் அவள் வேலையை விடாமல் இருந்தாள்.

வாங்குவது பெரிய காரியமில்லை. பனி போனபின் எங்கே வைப்பது என்பதுதான் தலையிடி. பேஸ்மென்ரில் வைத்தால் சாப்பாடெல்லாம் ரப்பர் மணத்தது. வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் பக்கத்தில் வைத்தால் சூட்டில் காய்ந்து வெடித்துவிடும் என்றார்கள். மேலே இருந்த வீட்டுக்காரர் தன் கராஜைத் திறந்துகூடக் காட்டவில்லை. கடைசியில் ரூஜில் புது வீடு வாங்கியிருந்த அத்தானிடம் போனேன். அத்தான் என் அக்காவின் கணவர், எங்கள் ஊர்ச் சங்கத்தின் செயலாளர், இல்லை என்ற சொல்லே வாயில் வராத மனிதர். கராஜ் முழுக்க உமக்குத்தான் என்றார்.

நான் அந்த ரயர்களுக்குச் செய்த பணிவிடையை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. ஒவ்வொன்றையும் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். வரிகளுக்குள் இறுகிக் கிடந்த கற்களை ஸ்குறூ டிறைவரால் கிண்டி எடுத்தேன். ஈரம் போகத் துடைத்து, வெளிச்சம் படாமல் கறுப்புக் குப்பைப் பைகளில் கட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தேன். பிள்ளையைத் தொட்டிலில் போடுகிறவன்கூட அவ்வளவு பக்குவம் பார்க்கமாட்டான். கோடையில் போன் எடுத்து விசாரித்தபோதெல்லாம், எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்றே அத்தான் சொன்னார்.

ஆடியில் சங்கத்தின் விளையாட்டுப்போட்டி வந்தது. இங்கே எங்கள் ஆட்களுக்குக் கோடை என்றால் கரப்பந்தாட்டம். நானும் ஒரு அணியில் நின்றேன். வெள்ளை வர்ணம் பூசிய கனத்த அடிக்கட்டைகளில் வலைக்கம்பங்கள் ஆடாமல் அசையாமல் நின்றன. இந்த முறையாவது சங்கம் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது என்று நான் வாய்விட்டுப் பாராட்டினேன். சப்பாத்து நூலைக் கட்டுவதற்கு அந்தக் கட்டையின் மேல்தான் காலைத் தூக்கி வைத்தேன்.

கார்த்திகையில், முதல் பனி வரப்போகிறது என்று வானொலி சொன்ன சனிக்கிழமை, ரயர்களை எடுக்கப் போனேன். கராஜில் பைகளைக் காணவில்லை. மூலையில் வலைக்கம்பங்கள் இரண்டும் நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு ரயர்கள், நடுவெல்லாம் சீமெந்து. வர்ணம் உரிந்த இடத்தில் குனிந்து வரிகளைப் பார்த்தேன். நான் கல் கிண்டிய வரிகள் எனக்குத் தெரியாதா?

அத்தான் கொஞ்சமும் பதறவில்லை. பூங்காவில் கம்பம் நடுவதற்குக் குழி தோண்ட விடமாட்டார்களாம். ரயருக்குள் சீமெந்து ஊற்றிக் கம்பத்தை நிறுத்துவதுதான் வழியாம். கமிற்றி கூடி எடுத்த முடிவாம்.

"நல்ல ரயரை ஆரும் குப்பைப் பையிலை கட்டி வைப்பினமே? எறியத்தான் தந்தனீர் எண்டு நினைச்சன்," என்றார்.

எறியக் கொடுத்ததை எவன் மாதாமாதம் போன் எடுத்து நலம் விசாரிப்பான்? நான் அதைக் கேட்டேன். அதுதான் பத்திரமாக நிற்கிறதே என்று அவர் கம்பத்தைத் தட்டிக் காட்டினார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சுத்தியல் கேட்டேன். அடுத்த கோடைக்கும் வேண்டும், உடைத்துப்போடாதையும் என்றார். மருந்துக்கும் ஒரு மன்னிப்பு இல்லை. அக்கா தேத்தண்ணியோடு வந்தாள். குடிக்காமல் திரும்பினேன்.

கடை கடையாக ஏறி இறங்கினேன். நான் கேட்ட வானொலியைத்தானே நகரம் முழுவதும் கேட்டிருந்தது. எங்கள் காரின் அளவு முடிந்துவிட்டது, இனி வர ஒரு கிழமையாவது செல்லும் என்றார்கள்.

திங்கள் விடிய, பேஸ்மென்ரின் சின்ன ஜன்னலைப் பனி பாதிக்கு மேல் மூடியிருந்தது. சுகமில்லை என்று சொல்லி வீட்டில் நில்லும் என்று மனைவியைக் கெஞ்சினேன். அவள் மேலங்கியைப் போட்டுக்கொண்டே, "நான் போகாட்டி, அங்கை இரவு வேலை செய்த பிள்ளை வீட்டை போகேலாது," என்றாள். அத்தானைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கார்க் கண்ணாடியைச் சுரண்டிவிட்டுப் பழைய ரயர்களோடு போனாள்.

நான் வேலைக்குப் போகாமல் போனுக்குப் பக்கத்தில் இருந்தேன். கையில் கொண்டு திரிகிற போன் எங்களிடம் இல்லாத காலம். வழமையாகப் போய்ச் சேரும் நேரம் தாண்டியது. மணி அடித்ததும் பாய்ந்து எடுத்தேன். அத்தான். ஆண்டுக் கூட்டத்தில் ரயர்களை என் அன்பளிப்பு என்று அறிவிக்கக் கமிற்றி விரும்புகிறதாம். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தேன். அப்படி அவருக்கு அதற்கு முன் நான் செய்ததேயில்லை.

பிறகு வெகுநேரம் போன் சும்மா கிடந்தது. மறுபடி அடித்தபோது அவள்.

"வந்திட்டன். கைவிரல் விரியுதில்லை. ஸ்ரேரிங்கைப் பிடிச்ச மாதிரியே கிடக்கு."

தண்ணீரைச் சுடவைத்துக் கையை அதற்குள் வையும் என்றேன். பின்னேரம் அதே கையால் அவள் திரும்பி ஓட்டிக்கொண்டு வரவேண்டும்.