சேதி சொல்லப் போகும் உக்கிரபாண்டி

தெருமுனையிலேயே பைக்கை நிறுத்திவிடுவார். செருப்பை அதன் பக்கத்தில் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு நடந்துபோய் அந்த வீட்டு வாசலில் நிற்பார். "தாயி, கொஞ்சம் உக்காருங்க" என்பார். அவர்கள் உட்கார்ந்ததும் தானும் தரையில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் இறந்த சேதியைச் சொல்லிவிடுவார்.

பெயர் உக்கிரபாண்டி. பெயரில் உள்ள உக்கிரம் ஆளிடம் மருந்துக்கும் கிடையாது. டீக்கடையில் சர்க்கரை போட மறந்தாலும் பேசாமல் குடித்துவிட்டுப் போகிற ரகம். பாளையம்பட்டியில் எனக்கு அடுத்த வீடு. பரளச்சிப் பக்கம் ஒரு கல் உடைக்கும் கிரஷரில் இருபத்திரண்டு வருடமாக மெஷின் பழுதுபார்க்கும் பிட்டர். அங்கோ பக்கத்துக் குவாரிகளிலோ வேலையில் யாராவது இறந்துபோனால், வீட்டுக்குச் சேதி சொல்ல இவர்தான் போகிறார். எல்லோரும் நழுவியதால் இவர் தலையில் விழுந்த வேலை என்று நினைத்திருந்தேன். கேட்டு வாங்கிக்கொண்டது என்று பிறகுதான் தெரிந்தது. தான் போய்ச் சேரும்வரை யாரும் போன் செய்யக் கூடாது என்பது மட்டும் அவருடைய நிபந்தனை.

ஐந்து வருடத்துக்கு முன்னால், எம்.ரெட்டியபட்டி மாரிசெல்வம் கிரஷர் பெல்ட்டில் சிக்கி அந்த இடத்திலேயே இறந்தார். அவர் மனைவி காளீஸ்வரிக்குப் போன் செய்தவர் உக்கிரபாண்டி. நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். காலில் லேசாக அடி, அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள் என்றார். பதறிவிடக் கூடாதே என்ற நல்ல எண்ணம்தான்.

காளீஸ்வரி பதறவில்லை. காலில் அடியென்றால் பேண்ட் போட முடியாதே என்று துவைத்த கைலி ஒன்றை எடுத்துக்கொண்டார். கஞ்சி காய்ச்சி பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு, நிதானமாக பஸ் பிடித்து வந்தார். பிணவறைப் பக்கம் நின்றிருந்த உக்கிரபாண்டியைப் பார்த்து, எந்த வார்டு என்று கேட்டார்.

விஷயம் தெரிந்த பிறகு ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "நீங்க சொன்னத நம்பி கஞ்சி காய்ச்சிக்கிட்டு இருந்தேனேண்ணே."

அதோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

உக்கிரபாண்டி போகாமல் இருக்கவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு எம்.ரெட்டியபட்டிக்குப் போய், காளீஸ்வரி வீட்டில் ஓடாத மோட்டாரைப் பிரித்து மாட்டுவார். கூரைத் தகரத்துக்கு ஆணி அடிப்பார். காளீஸ்வரி ஒரு செம்புத் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை. வெயிலில் இப்படி ஆளைக் காயப்போடுகிறாரே என்று எனக்கே எரிச்சலாக வந்தது. உக்கிரபாண்டியிடம் சொல்லியும் விட்டேன்.

"நா தண்ணி குடிக்கவா போறேன்? அவுக கோவம் நெசந்தான" என்றார். ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் திரும்பி வந்ததும், இன்றைக்காவது பேசினார்களா என்று அவர் மனைவி கேட்பார். இவர் இல்லையென்று தலையசைத்துவிட்டு நேரே குளிக்கப் போய்விடுவார். பார்க்கப் பாவமாக இருக்கும்.

போன மாதம் குவாரியில் பாறை சரிந்து பரளச்சி செல்வக்குமார் இறந்தார். கல்யாணமாகி இரண்டு வருடம்தான். அன்று என்னை வண்டி ஓட்டச் சொன்னார். செல்வக்குமாரின் மனைவி அனுசியாவிடம் வழக்கம்போல உட்காரச் சொல்லி, உள்ளதைச் சொன்னார். பிறகு தெருமுனைக்கு வந்து, பைக் பக்கத்தில் குத்தவைத்தவர் எழுந்திருக்கவே இல்லை. நான் நீட்டிய தண்ணீர் பாட்டிலையும் வாங்கவில்லை.

வெயில் உச்சிக்கு வந்த நேரம், ஷேர் ஆட்டோவிலிருந்து காளீஸ்வரி இறங்கினார். சேதி ரெட்டியபட்டிவரை எட்டியிருந்தது. கையில் பிளாஸ்க். எங்களைப் பார்க்காமலே கடந்துபோய், அனுசியாவை மடியில் சாய்த்துக்கொண்டு இரண்டு வாய் கஞ்சி குடிக்க வைத்தார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தவர், நேராக உக்கிரபாண்டியிடம் வந்து நின்றார்.

"உள்ளதச் சொன்னீகளாண்ணே?"

"சொல்லிட்டேன் தாயி."

காளீஸ்வரி மீதிக் கஞ்சியை பிளாஸ்க் மூடியில் ஊற்றி நீட்டினார். உக்கிரபாண்டி எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கி, ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்காமல் குடித்தார்.