காலியாக இருந்த அப்பா பெயர்

என் மகள் பிறந்தபோது நான் சொந்த ஊரான கம்பத்தில் இருந்தேன். ஒளிந்திருந்தேன் என்பதுதான் சரி. கேரளத்தில், மட்டாஞ்சேரியில் ஒரு ஹோட்டலில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்த காலத்தில், பக்கத்து மார்க்கெட்டில் காய் விற்ற பெண்ணோடு ஒரு வருஷம் குடும்பம் நடத்தினேன். தாலி கட்டவில்லை. அவள் முழுகாமல் இருக்கிறாள் என்றதும், அண்ணனிடம் பேசிவிட்டு வருவதாகச் சொல்லி ஊருக்குப் போய், போனை அணைத்துவிட்டேன்.

நாலு வருஷம் கழித்துத்தான் திரும்பினேன். பழைய ஹோட்டலிலேயே வேலை கிடைத்தது. அவள் முன்னால் போய் நிற்க மேலும் ஒரு மாதம் ஆனது. அவள் திட்டவில்லை. வெண்டைக்காயை நிறுத்துக்கொண்டே, "கொச்சு அங்கன்வாடிக்குப் போயிருக்கு" என்றாள். குழந்தையை அவள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

ஒருநாள் அவளே ஹோட்டலுக்கு வந்தாள்.

"சர்டிபிகேட்ல அப்பன் பேரு காலியா கிடக்கு. அது இல்லாமலும் ஸ்கூல்ல சேர்ப்பாங்க, கேட்டுட்டேன். ஆனா நாளைக்குக் கொச்சு கேட்டா நான் என்ன சொல்றது?"

"நான் வந்து எழுதிக் கொடுக்கறேன்" என்றேன்.

அண்ணனுக்குத் தெரிந்து போன் செய்தார். "டி.என்.ஏ. டெஸ்ட் எடுக்காமக் கையெழுத்துப் போடாதடா. நாளைக்குச் சொத்துல பங்கு கேக்கும்."

"கேக்கட்டும்ண்ணே" என்றேன். அதுவரை அவரை எதிர்த்துப் பேசியதில்லை.

பிறப்புப் பதிவு அலுவலகத்தில் இருந்த அதிகாரியம்மா, எங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். "இல்ல" என்றாள் அவள், குரல் தாழாமல். இருவரும் ஒப்புக்கொண்டு சேர்ந்து எழுதிக் கொடுத்தால் போதும், டெஸ்ட் தேவையில்லை என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு வேணும்னா டெஸ்ட் எடுத்துக்கலாம். எனக்கு ஒரு பேடியும் இல்ல, பயமும் இல்ல."

"வேண்டாம்."

அவள் மலையாளத்திலும் நான் தமிழிலும் கையெழுத்துப் போட்டோம்.

வெளியே வந்ததும் சொன்னாள்: "பேரு வந்துடுச்சுன்னு வீட்டுக்குள்ள வந்து உக்காந்துடலாம்னு நினைக்காதீங்க. ஞாயித்துக்கிழமை வாங்க. கொச்சுவைக் கூட்டிட்டுப் போங்க. இருட்டறதுக்குள்ள கொண்டுவந்து விடணும்."

ஞாயிறுதோறும் போகிறேன். மகளுக்குப் படகுத்துறை பிடிக்கும். முதலில் என் விரலைப் பிடிக்க மாட்டாள், சட்டை நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு நடப்பாள். போன வாரம் திரும்பும் வழியில் தோளிலேயே தூங்கிப்போனாள். வாசலில் அவளை வாங்கிக்கொண்ட அவள் அம்மா, "சாயா இருக்கு, குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

படியில் உட்கார்ந்து குடித்தேன்.