ஐலீன் வீட்டு ஈரச்சுவர்

ஐலீன் ஹார்கிரீவ்ஸ் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு பரிமாறி ஓய்வு பெற்றவள். இங்கிலாந்தின் வடக்கே பர்ன்லியில் எங்கள் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவள் கையால் உருளைக்கிழங்கு மசியல் தின்று வளர்ந்தவர்கள்தான். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள். அவள் வீடும் என் வீடும் ஒட்டியவை, நடுவில் ஒரே சுவர். அவள் கணவர் ஸ்டான் இருமினால் எனக்குக் கேட்கும்.

அரசாங்க மானியத்தில் இலவசமாகச் செய்கிறோம் என்று ஒரு கம்பெனி வந்தது. வெளிச்சுவரில் துளை போட்டு, இரண்டு அடுக்குச் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பஞ்சை அடைத்துவிட்டுப் போனது. இனிமேல் குளிர் உள்ளே வராது என்றார்கள். அன்று நான் ஊரில் இல்லாததால் என் வீடு தப்பித்தது. எங்கள் ஊர் மழை பக்கவாட்டில் அடிக்கிற மழை. பஞ்சு அதைக் குடித்து உள்சுவருக்குக் கொடுத்தது. மூன்றாம் குளிர்காலத்தில் படுக்கையறைச் சுவர் கறுத்து, ஒட்டியிருந்த பூப்போட்ட சுவர்த்தாள் உரிந்து தொங்கியது. ஸ்டானுக்கு ஏற்கெனவே ஆஸ்துமா. பஞ்சு அடைத்தவர்களைத் தேடிப் போன் போட்டால் கம்பெனியே இழுத்து மூடப்பட்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ப்ராட்லி வந்து கதவைத் தட்டினான். நஷ்டஈடு வாங்கிக் கொடுக்கும் கம்பெனியின் ஆள். இஸ்திரி போட்ட சட்டை, நல்ல சிரிப்பு. நானும் அப்போது அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"உங்க கைக்காசு ஒரு பென்னி போகாது, ஐலீன். ஜெயிச்சாத்தான் எங்களுக்குப் பங்கு. தோத்தா எங்களுக்குத்தான் நஷ்டம்."

"தோத்துட்டா எதிராளியோட வக்கீல் செலவ யாரு குடுப்பா?" என்று ஸ்டான் நாற்காலியிலிருந்தே கேட்டார்.

"அதுக்கு இன்சூரன்ஸ் இருக்கு, ஸ்டான். எல்லாத்தையும் அவங்க பாத்துக்குவாங்க."

"நீ என்னப்பா, வக்கீலா?" என்றார் ஸ்டான்.

"இல்லீங்க, டீ நல்லா இருக்குன்னு உக்காந்துட்டேன்."

ஸ்டானே சிரித்துவிட்டார். ஐலீன் அவன் நீட்டிய திரையில் விரலால் கையெழுத்துப் போட்டாள்.

வழக்கு ஒரு வக்கீல் ஆபீசுக்குப் போயிற்று. பஞ்சு அடைத்தவர்கள் இல்லை, ஆனால் அவர்களுக்கு உத்தரவாதம் கொடுத்தவர்கள் இருந்தார்கள், அவர்கள்மீதுதான் வழக்கு. இரண்டு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் அந்த வக்கீல் ஆபீஸ் திவாலாகி மூடிக்கொண்டது. வழக்கு அந்தரத்தில் நின்று, தள்ளுபடி ஆயிற்று. அடுத்து எதிர்த்தரப்பு வக்கீலிடமிருந்து தாள் வந்தது. எங்களுக்கு ஆன செலவு பதினெட்டாயிரம் பவுண்டு, கொடுக்காவிட்டால் உங்கள் வீட்டின்மேல் கை வைப்போம் என்று. வக்கீல்கள் வழக்கைச் சரியாக விசாரிக்கவே இல்லை, அதனால் பணம் தர முடியாது என்று இன்சூரன்ஸ்காரர்களும் கைவிரித்துவிட்டார்கள்.

ஐலீன் என் சமையலறையில் உட்கார்ந்து அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

"நான் யாரையும் கோர்ட்டுக்கு இழுக்கல, பாலின். என் சுவரு நனையுதுன்னுதானே சொன்னேன்?"

ஸ்டானிடம் சொல்லவில்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு வீட்டு அங்கியோடு வாசலில் போய் நிற்பாள். ஸ்டான் இருந்த முன்னறையைத் தவிர மற்ற அறைகளில் ஹீட்டரை நிறுத்தினாள். மேல்கோட்டைப் போட்டுக்கொண்டே சமைத்தாள், தூங்கினாள். ப்ராட்லியின் எண்ணுக்கு அடித்தால் அது உபயோகத்தில் இல்லை என்று குரல் சொன்னது.

அந்த வாரங்களில் வேறொரு கம்பெனியிலிருந்து போன் வந்தது. "உங்க வக்கீல் உங்கள ஏமாத்திட்டாரா? அவர்கிட்டயிருந்து நாங்க வாங்கித் தர்றோம்" என்றான் ஒருவன். அவள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே நின்றாள். நான் போனைப் பிடுங்கி வைத்தேன்.

"உனக்கு என்ன கிறுக்காடி?"

"ஏன் வெச்ச? இந்த வாரத்துல எங்கிட்ட தன்மையாப் பேசின ஒரே ஆளு அவன்தான்" என்றாள்.

ஜனவரியில் ஜப்தி ஆள் வந்தான். ஸ்டான் உட்கார்ந்திருந்த அறைக்குள் நுழைந்து சுற்றிலும் பார்த்தான்.

"அந்த நாற்காலில ஆளு இருக்காரு" என்றாள் ஐலீன்.

"தெரியுதும்மா. நான் டிவியத்தான் பாக்குறேன்."

"ஐலீன், யாரு இது?" என்று ஸ்டான் கேட்டார். ஜப்தி ஆளே சொல்லிவிட்டான், தொகையோடு. ஸ்டான் எழுந்திருக்கப் பார்த்தார், மூச்சு வரவில்லை. ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஈர வீட்டுக்கு அவரைத் திருப்பி அனுப்ப முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதியோர் இல்லத்தில் ஒரு கட்டில் கிடைத்தது.

அதன் பிறகு ஐலீன் சாப்பிடுவதை விட்டுவிட்டாள். ஒரு காலையில் ஷூவெல்லாம் சேறாக வந்து என் கதவைத் தட்டினாள். கால்வாய்க் கரையில் வெகுநேரம் நின்றுவிட்டு வந்ததாகச் சொன்னாள்.

"தண்ணி ரொம்ப அழுக்கு, பாலின்" என்று சிரிக்கப் பார்த்தாள். அவளை உள்ளே இழுத்து டாக்டருக்குப் போன் செய்தேன். அன்றிலிருந்து ஒரு மாதம் அவளை என் வீட்டிலேயே படுக்க வைத்துக்கொண்டேன்.

ப்ராட்லியைக் கண்டுபிடித்தது தற்செயல்தான். சூப்பர் மார்க்கெட் வாசலில் மேசை போட்டு, போகிற வருகிறவர்களிடம் இன்டர்நெட் இணைப்பு விற்றுக்கொண்டிருந்தான். நான் திட்ட ஆரம்பிக்கும் முன்பே ஐலீன் அவன் எதிரே போய் நின்றாள்.

"என்னைத் தெரியுதா? எங்க வீட்டு டீய நல்லா இருக்குன்னு சொன்ன."

ஓடிவிடுவான் என்று நினைத்தேன். ஓடவில்லை.

"எங்கம்மாவுக்கும் அதே தாள் வந்திருக்கு. நான்தான் கையெழுத்து வாங்கினேன்" என்றான். "அவங்க எங்கிட்டப் பேசறதில்ல."

"உன் அம்மா பேசாட்டி போகுது. நீ பேசு. என்ன நடந்துச்சுன்னு கோர்ட்ல வந்து சொல்லு."

"என்னையும் சேத்து மாட்டிவிடுவாங்க, ஐலீன்."

"மாட்டிக்க. எம் புருஷன் அங்க தனியாக் கெடக்காரு."

அவனை நான் நம்பவில்லை. ஆனால் அவன் வந்தான். அந்தத் திவாலான வக்கீல்கள்மீது வழக்குப் போட இலவச ஆலோசனை மையத்தில் எங்களுக்குக் கிடைத்த வக்கீல் அம்மாள் கேட்கக் கேட்க எல்லாவற்றையும் சொன்னான். சுவரைச் சோதித்ததாக எழுதிய அறிக்கைகளைக் காரை விட்டு இறங்காமலேயே நிரப்பினானாம். வக்கீல் ஆபீசில் யாருமே அவற்றைப் படித்ததில்லையாம். கோர்ட்டிலும் அதையே சொன்னான். தவறு அந்தப் பழைய வக்கீல்களுடையது என்று முடிவானது. அவர்களுடைய தொழில் காப்பீட்டிலிருந்து எதிர்த்தரப்புச் செலவு கட்டப்பட்டது. வீடு தப்பியது. சுவருக்காக ஐலீனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

தீர்ப்பு வந்த மத்தியானம் நாங்கள் இருவரும் பஸ் பிடித்து ஸ்டானிடம் போனோம். ஜன்னலோரம் மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்தார். ஐலீன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் யாரும் நம் வீட்டைத் தொட முடியாது என்றாள்.

அவர் ஜன்னலிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தார்.

"அப்ப நான் வீட்டுக்கு வரலாமா?"

ஐலீன் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"சுவரு இன்னும் காயல, ஸ்டான்" என்று சொல்லி, அவர் போர்வையை முழங்கால்வரை இழுத்துவிட்டாள்.