சைன் கோடும் தியாகேசனின் வளையல்களும்

தியாகேசன் விடைத்தாளில் இருந்த சைன் வரைபடத்தின் மேல் ஒரு கண்ணாடி வளையலை வைத்து மெல்ல நகர்த்துகிறார். கோடு வளையலின் விளிம்போடு ஒட்டிக்கொண்டே போகிறது. "ம்... ரெண்டு ஆறு சைசு" என்று முனகிச் சிவப்பு மையால் சுழிக்கிறார். ஐம்பதைத் தாண்டிய கணக்கு வாத்தியார் பையில் மூன்று அளவு வளையல்களோடு பெண்கள் பள்ளிக்கு வருவதைப் பற்றி வலங்கைமானில் பேசாத வாய் இல்லை. அவர் அதைச் சட்டை செய்வதில்லை.

கையிலேயே வளையல் இருக்கும்போது புள்ளி புள்ளியாக எவள் சேர்ப்பாள்? மேலே ஒரு அரைவட்டம், கீழே ஒரு அரைவட்டம், பார்வைக்கு சைன் கோடுதான். ஆனால் மதிப்பு அரையாகும் இடத்தை அந்தக் கோட்டில் தேடினால் பன்னிரண்டு பாகைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும். சரியான விடை முப்பது. வளையலைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டு முப்பது என்று எழுதியவள் அங்கேயே மாட்டிக்கொள்வாள். "கோடு ஒண்ணு சொல்லுது, விடை ஒண்ணு சொல்லுது. யாரப் பாத்து எழுதின?" என்று அவர் தணிந்த குரலில் கேட்டால் கண்ணீர்தான் வரும்.

வீட்டிலும் இதே கதைதான். திருக்கடையூரில் அக்காள் கணவரின் அறுபதாம் கல்யாணத்தில், மாலையும் கழுத்துமாக நின்ற மனிதரிடமே, "அத்தானுக்கு அம்பத்தொம்பதுதானே ஆவுது?" என்று கேட்டவர். அக்காள் இன்னும் அவரோடு சரியாகப் பேசுவதில்லை.

இந்த முறை அவருக்கு நெருடியது பதினொன்றாம் வகுப்பு பி பிரிவு. ஒரு கோட்டிலும் எந்த வளையலும் உட்காரவில்லை. எல்லாம் அச்சில் வார்த்ததுபோல் இருந்தன. பாதிப் பேர் எப்போதும் மறந்துவிடும் இரண்டாவது விடையான நூற்றைம்பதைக்கூட ஒருத்தியும் விடவில்லை. அந்த வகுப்புக்குப் பாடம் எடுப்பவர் ஷமீரா, தற்காலிக ஆசிரியை. கேள்விகளை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருப்பார் என்று தியாகேசன் முடிவே கட்டி, தலைமையாசிரியையிடமும் போய்ச் சொல்லிவிட்டார்.

தலைமையாசிரியை, "தீர விசாரிச்சுட்டுச் சொல்லுங்க சார். உண்மைன்னா அந்தப் பொண்ண இன்னையோட நிறுத்திடுறேன்" என்றார். அது ஷமீராவின் காதுக்கும் போய்விட்டது. நடுவருஷத்தில் வேறு எந்தப் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள்? அவர் வீட்டில் வேலைக்குப் போகிறவர் அவர் ஒருவர்தான்.

தியாகேசன் நேராக பி பிரிவுக்குள் நுழைந்தார். "ரெண்டு சைன் எக்ஸ் வரைங்க. மதிப்பு மைனஸ் ஒண்ணு எங்கெல்லாம் வருதுன்னு கோட்டப் பாத்து எழுதுங்க." ஷமீரா சுவரோரம் ஒதுங்கி நின்றார். பிள்ளைகள் புள்ளி வைத்தார்கள். பிறகு எல்லாரும் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தார்கள். துண்டுச்சீட்டுத்தான் என்று தியாகேசன் பூனைபோல் நடந்து பர்வின் என்ற மாணவியின் பின்னால் போய் நின்றார்.

அவள் எடுத்தது ஒரு தென்னை ஈர்க்குச்சி. அதைப் புள்ளிகளின் மேல் வளைத்து, இடது கை விரல்களால் அழுத்திக்கொண்டு, பென்சிலை ஓட்டினாள். "இருநூத்திப் பத்து, முன்னூத்தி முப்பது சார்" என்றாள். இரண்டும் சரி.

"யாரு குடுத்தா இத?"

"வெளக்கமாத்துலேர்ந்து உருவினது சார்."

ஷமீரா சுவரோரத்திலிருந்து முன்னால் வந்தார். "வளையல் வட்டமாத்தான் சார் போவும். இது புள்ளி போற வழில வளையுது. அதான் கொண்டாரச் சொன்னேன். தப்பா சார்?"

தியாகேசன் குச்சியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஏதாவது எழுதியிருக்கிறதா என்று. முகர்ந்தும் பார்த்தார். மூன்று வளையல்களையும் மாற்றி மாற்றிக் கோட்டின் மேல் வைத்தார். ஒன்றும் பொருந்தவில்லை. குச்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

தலைமையாசிரியையின் அறை வராந்தாவின் கோடியில் இருக்கிறது. அதன் வாசலில் அவர் நின்றதை ஷமீரா வகுப்பு வாசலிலிருந்து பார்த்தார். கையில் சாக்பீஸ் இரண்டாக உடைந்தது.

"என்ன சார், விசாரிச்சீங்களா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல மேடம். பிள்ளைங்களே போட்டதுதான்."

கதவோரம் விளக்குமாறு சாத்தியிருந்தது. தியாகேசன் இருபக்கமும் ஒருமுறை பார்த்தார். நீளமான ஈர்க்குச்சி ஒன்றை உருவி, வளைத்துப் பார்த்து, பையைத் திறந்து வளையல்களோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.