பதினாறு வயதும் பதினாலு மைலும்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்குப் பதினாலு மைல். பஸ் கட்டணம் ஆளுக்கு நாலணா, பெட்டிக்கு ஓரணா. காலை ஆறேகாலுக்குப் புறப்படும் என்று பலகையில் எழுதியிருந்தது. பலகையை நம்பி வந்தவர்கள் நானும் என் மகள் செசிலியும் மட்டுமே. மற்றவர்கள் டிரைவரை அறிந்தவர்கள். அவர் இட்லி தின்று கைகழுவி வந்த பிறகு, ஏழு மணிக்குச் சாவகாசமாக ஏறினார்கள்.

முப்பத்தாறாம் வருஷம், ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை. புதுச்சேரியில் கன்னியர் மடத்தார் நடத்தும் பெண்கள் காலேஜில் செசிலியைச் சேர்க்கப் போய்க்கொண்டிருந்தோம். எனக்குப் பெண்கல்வியில் பெரிய கொள்கை எதுவும் கிடையாது. அவள் கேட்டாள், கேட்ட விதம் நியாயமாக இருந்தது. திண்டிவனத்தில் இருக்கும் என் அக்காவுக்கு அது நியாயமாகப் படவில்லை. அவள் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தாள். "இந்த வருஷம் காலேஜில எடத்த வாங்கிட்டா நான் வாயைத் தொறக்கல. வாங்கலைன்னா தை மாசம் கல்யாணம். இன்னொரு வருஷம் அவங்க காத்திருக்க மாட்டாங்க" என்று சொல்லியிருந்தாள். நானும் ஒப்புக்கொண்டிருந்தேன். ஆகவே செசிலியின் மடியில் இருந்த தகரப் பெட்டிக்குள் இரண்டு வருஷத்துத் துணிமணியும், அவள் அம்மா கொடுத்த எலுமிச்சை ஊறுகாயும் இருந்தன. பெட்டியைத் திருப்பிக் கொண்டுவர நேர்ந்தால் என்ன ஆகும் என்பதும் எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

என் கையில் ஒரு கட்டுக் காகிதம். ரிஜிஸ்தர் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டி ஓய்வுபெற்றவன் நான். ஒரு காகிதம் கேட்கப்படுவதற்கு முன்பே அதன் நகல் என்னிடம் இருக்கும். பள்ளி இறுதிப் புத்தகம், நன்னடத்தைச் சான்று, அம்மை குத்திய சான்று, எல்லாம் இரண்டு பிரதி, எல்லாவற்றிலும் கெஜட்டில் பெயருள்ள அதிகாரியின் ஒப்பம். ஒரே ஒரு சிக்கல். காலேஜ் விதிப்படி சேரும் நாளில் பதினேழு வயது நிரம்பியிருக்க வேண்டும். பள்ளிப் புத்தகத்தில் செசிலிக்குப் பதினாறு. அந்தப் பிரெஞ்சு விதியை எனக்குப் படித்துக் காட்டியவளே அவள்தான். "வயதுக் குறைவை மன்னிக்கக் கோரும் மனு என்று ஒன்று உண்டு. என் கையாலேயே ஐம்பது அனுப்பியிருக்கிறேன்" என்றேன். அவள் செபப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டாள். மனுவை அன்றே எழுதிக் கட்டில் சேர்த்தேன்.

பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி மூன்றாவது மைலில் எங்கள் பக்கத்து எல்லைச் சாவடி. பிரெஞ்சு மண்ணுக்குப் போகிறவர்கள் எல்லாரையும் சர்க்கார் சந்தேகிக்கிறது. ஒரு போலீஸ்காரர் ஏறி நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தார்.

"பேரு? ஊரு? வயசு? போற காரியம்?"

சொன்னேன். வயது ஐம்பத்தாறு என்றேன்.

"பாப்பாவுக்கு?"

"பதினாறு."

செசிலி சன்னலுக்கு வெளியே ஒரு பனைமரத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லை தாண்டியதும் மைல்கல் நின்று கிலோமீட்டர் கல் தொடங்குகிறது. அதனால் ஊர் சட்டென்று தூரமாகிவிட்டதுபோல ஒரு பிரமை. சாலை அதே சாலை, குழி அதே குழி. எதிரே கூடையோடு உட்கார்ந்திருந்த வீராம்பட்டினத்து அம்மாள் பெட்டியையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பொண்ணை எங்க உட்டுட்டு வரப் போறீங்க, மாமியார் வூட்லயா?"

"இல்லையம்மா, காலேஜில்."

"அங்க இன்னா சொல்லித் தருவாங்கோ?"

"பிரெஞ்சு, கணக்கு, சரித்திரம். ரெண்டு வருஷம் படித்தால் வாத்தியாரம்மா வேலை."

"மாமியார் வூட்ல இத்தினி சொல்லித் தர மாட்டாங்கோ. உட்டுட்டு வாங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அரியாங்குப்பத்தில் இறங்கிப் போனாள்.

எட்டரை மணிக்குப் புதுச்சேரி. இங்கே புஷ் வண்டி என்று ஒரு வாகனம் உண்டு, பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்று சக்கரம். இரண்டு பேர் நெருங்கி உட்காரலாம். பின்னாலிருந்து ஓர் ஆள் தள்ளுவார். முன்னால் உள்ள பிடியைத் திருப்பித் திசை காட்ட வேண்டியது உட்கார்ந்திருப்பவர் பொறுப்பு. உழைப்பவருக்கு வழி தெரியாது, வழி காட்டுபவருக்கு உழைப்புக் கிடையாது. எங்கள் ஆபீஸ் முறைதான் என்பதால் எனக்கு உடனே பழகிவிட்டது. வாடகை ஒரு பணம். ரூபாய்க்கு எட்டுப் பணம் என்பது இவ்வூர்க் கணக்கு.

பெரிய வாய்க்கால் வரை நன்றாகத்தான் போனேன். பாலத்தருகே பிடியை வலப்பக்கம் திருப்பினேன்.

"ஐயா, ஐயா! அது ஆஸ்பத்திரி வழி. மடத்துக்கு நேராப் போவணும்" என்றார் தள்ளுகிறவர்.

"முதலிலேயே சொல்லக்கூடாதா?"

"நீங்க பிடிச்ச பிடியப் பாத்தா ஊரு தெரிஞ்சவர் மாதிரி இருந்துச்சுங்க."

செசிலி சிரித்தாள். புறப்பட்டதிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

ஒன்பது மணிக்குத் தேர்வு. காலேஜ் வாய்க்காலுக்குக் கிழக்கே, மஞ்சள் பூச்சுச் சுவரும் உயரமான சன்னல்களும் கொண்ட இரண்டடுக்குக் கட்டடம். வருஷத்துக்குப் பன்னிரண்டு பெண்களை எடுக்கிறார்கள். வந்திருந்தவர்கள் பத்தொன்பது பேர். பிரெஞ்சில் ஒருவர் வாசிக்க, பிழையில்லாமல் எழுதவேண்டும். நான் வெளியே நடையில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து ஒரு குரல் ஒவ்வொரு வாக்கியத்தையும் மும்மூன்று முறை சொல்வது கேட்டது. ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. அப்படியிருந்தும் ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் என் கட்டைவிரல் வியர்த்தது. எந்தக் காகிதத்தாலும் உதவி செய்ய முடியாத இடத்தில் நான் உட்கார்ந்திருந்தது அநேகமாக அதுவே முதல் தடவை.

பதினொன்றேகாலுக்கு எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். காலேஜ் தலைவி மேர் அஞ்செலிக். மேர் என்றால் அம்மா. இங்கே கன்னியர்களை அப்படித்தான் அழைக்கிறார்கள்; ஆண்களை முசியே, அதாவது ஐயா. காரைக்கால்காரர், தமிழ்ப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும்.

"ரெண்டே ரெண்டு பிழை, முசியே. அஞ்சு வரைக்கும் நாங்க மன்னிப்போம்" என்று செசிலியைப் பார்த்துச் சிரித்தார். பிறகு பள்ளிப் புத்தகத்தைப் பிரித்தார். சிரிப்பு நின்றது. "பதினாறுதானே ஆவுது?"

"பதினாறு முடிந்துவிட்டது" என்று மனுவை இரண்டு கையாலும் நீட்டினேன். ஒன்பது பத்தி. முன்னுதாரணங்கள் மூன்று.

அவர் முழுவதும் படித்தார். அதற்காக அவரை மதிக்கிறேன். எங்கள் ஆபீசில் யாரும் முழுவதும் படித்ததில்லை. "நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா எங்ககிட்ட இப்படி ஒரு வழி கெடையாது, முசியே. பிழையை மன்னிப்போம், வயசை மன்னிக்க எங்களுக்கு அதிகாரமில்லை. அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க. எடம் நிச்சயம்."

"அடுத்த வருஷம் முடியாது" என்றேன்.

"ஏன்?"

பதில் சொல்வதற்குள் மணி அடித்தது. புதுச்சேரியில் பதினொன்றரைக்குப் பேனா மூடிவிடுவார்கள். மறுபடி திறப்பது மூன்று மணிக்கு. உலகம் இடிந்தாலும் இடையில் கிடையாது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் காபி கிளப்பில் சாப்பிட்டோம்; அதாவது சாப்பாட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தோம். பிறகு கவர்னர் மாளிகைக்கு எதிரே உள்ள தோட்டத்தில் ஒரு மரத்தடி பெஞ்சி. கடைகள் சாத்தியிருந்தன. சிவப்புத் தொப்பிச் சிப்பாய் ஒருவர் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார். நான் கவர்னருக்கே மேல்முறையீடு செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஆள் எதிர்வீட்டில்தான் இருந்தார்.

செசிலி தன் செபப் புத்தகத்தைத் திறந்து, நடுவிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் மடியில் வைத்தாள்.

எங்கள் பங்குச் சாமியாரின் கையெழுத்து. ஞானஸ்நானப் பதிவின் நகல். அதன்படி அவள் வயது பதினெட்டு.

விளங்காதவர்களுக்கு இதை விளக்கவேண்டும். எங்கள் சீமையில் சர்க்கார் வேலை பார்ப்பவன் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது வயதில் இரண்டைக் குறைத்து எழுதுவான். ஐம்பத்தைந்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் அல்லவா; குறைத்துவைத்தால் கடைசியில் இரண்டு வருஷச் சம்பளம் கூடும். என் தகப்பனார் எனக்குக் குறைத்தார். நான் செசிலிக்குக் குறைத்தேன். அவள் வேலைக்குப் போவாளா என்று அப்போது நினைக்கவில்லை. படிவத்தில் வயதுக் கட்டத்தைக் கண்டால் என் கை தானாக இரண்டைக் கழித்துவிடும். மாப்பிள்ளை வீட்டுக்கும் பதினாறு என்றே சொல்லியிருந்தது. வெகுநாளாகிவிட்டதால் எனக்கே அவள் பதினாறாகிவிட்டாள். இல்லாத குறையை மன்னிக்கச் சொல்லி ஒன்பது பத்தி எழுதியிருக்கிறேன்.

"எப்போது வாங்கினாய்?"

"போன ஞாயித்துக்கிழமை. விதியைப் படிச்சதுமே சாமியார்கிட்ட போனேன்."

"காலையிலேயே எடுத்துக் காட்டுவதற்கென்ன?"

"மனுவே போதும்னு நெனச்சு வீட்ல காட்டல. இங்க நீங்களே மேர்கிட்ட பதினாறு முடிஞ்சுதுன்னு சொல்லிட்டீங்களே, அப்பா. அதுக்கு மேல நான் இதை எடுத்தா உங்களைப் பொய்க்காரர்னு காட்டின மாதிரி ஆவும். அப்படி ஒரு எடம் எனக்கு வேணாம்."

"தை மாசம் கல்யாணம் ஆகிவிடுமே."

"ஆவட்டும். அதான் உங்ககிட்டயே குடுத்துட்டேன். குடுக்கறதா, கிழிக்கறதான்னு நீங்க பாத்துக்குங்க."

முப்பத்தொரு வருஷத்தில் பலரும் என் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு, "சாமி, அப்ப தெரியாம எழுதிட்டேன்" என்று நின்றிருக்கிறார்கள். அவர்களிடம் எந்தப் பாரத்தை எத்தனை பிரதியில் பூர்த்தி செய்யவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஒருவரையும் உட்காரச் சொன்னதில்லை. அந்த பெஞ்சியில் அதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. சிப்பாய் விழித்துத் தொப்பியைச் சரிசெய்தார். நாங்கள் எழுந்தோம்.

மூன்று மணிக்கு மேர் அஞ்செலிக்கின் மேசைமேல் காகிதத்தை வைத்தேன். கையைப் பிசைந்தேன் என்றே நினைக்கிறேன். "பள்ளியில் வயதைக் குறைத்து எழுதியவன் நான்தான். என் மகளுக்கு அதில் சம்பந்தமில்லை" என்றேன்.

மேர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உட்காருங்க, முசியே" என்றார். பிறகு இழுப்பறையைத் திறந்து, அச்சடித்த ஒரு தாளை எடுத்தார். அதில் பிரெஞ்சிலும் தமிழிலும், 'கீழே ஒப்பமிட்ட தகப்பனாகிய நான், என் பிள்ளையின் உண்மையான வயதை இதனால் தெரியப்படுத்துகிறேன்' என்று இருந்தது.

"இதற்குப் பாரம் இருக்கிறதா!" என்றேன்.

"அச்சடிச்சு ஆறு வருஷம் ஆவுது. உங்க பக்கத்திலேருந்து வர்ற பிள்ளைங்க வருஷா வருஷம் ரெண்டு வயசு சின்னதாவே வர்றாங்க. காத்து அப்படியோ என்னமோ! இந்த வருஷம் நீங்க நாலாவது."

"காலையிலேயே சொல்லியிருக்கலாமே."

"அதை நாங்க சொல்லக்கூடாது. தகப்பனார்தான் தானா வந்து சொல்லணும். அதுதான் விதி." பேனாவை என் பக்கம் நகர்த்தினார். "மத்த மூணு பேர் ஸ்கூல் குமாஸ்தா மேல பழியைப் போட்டாங்க."

பாரத்தின் கடைசியில் காரணத்துக்கு ஓர் இடம் விட்டிருந்தார்கள். பழக்கத்தில் 'எழுதும்போது நேர்ந்த பிழை' என்று தொடங்கப் போனேன். செசிலி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். 'நான் குறைத்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் எழுதிய குறிப்புகளிலேயே மிகச் சிறியது அதுதான். ஓய்வுபெற்ற பிறகு எழுதியதால் யாரும் கெட்டுப்போகவில்லை.

மேர் பதிவேட்டில் செசிலியின் பெயரை எழுதினார். பன்னிரண்டாவது பெயர். தலைவாசலில் ஒரு வேலைக்காரம்மா பெட்டியை வாங்கிக்கொண்டாள். செசிலி என் கையைப் பிடித்து, "திண்டிவனத்து அத்தைகிட்ட யாரு சொல்றது?" என்றாள்.

"நான் எழுதுகிறேன். மாப்பிள்ளை வீட்டுக்கும் சரியான வயதை நானே எழுதிவிடுகிறேன்."

"அப்ப அவங்களே வேணாம்னுடுவாங்க."

"அது அவர்கள் அதிகாரத்துக்கு உட்பட்டது" என்றேன். அன்றைய இரண்டாவது சிரிப்பு. சிரித்துக்கொண்டே படியேறிப் போனாள்.

நாலே முக்காலுக்குக் கடைசி பஸ். இந்தமுறை நடந்தே போனேன். வழி கேட்டுக்கொண்டு போனதால் தவறவில்லை. பஸ்ஸில் எதிர் இருக்கை காலியாக இருந்தது. அரியாங்குப்பம் பாலத்தில் காற்று நன்றாக வந்தது. கடலூரில் ஒரு பெண்ணுக்கு இரண்டு வருஷத்தைக் குறைத்தால் மாப்பிள்ளை கிடைக்கிறான். பதினாலு மைல் தள்ளி அதே இரண்டு வருஷத்தைத் திருப்பிக் கொடுத்தால் காலேஜ் கிடைக்கிறது. அவளுடைய உத்தியோகத்தின் கடைசிக்கென்று நான் ஒளித்துவைத்திருந்ததை அவள் தொடக்கத்திலேயே கேட்டு வாங்கிக்கொண்டாள். யோசித்துப் பார்த்தால் அது அவளுக்கு இப்போதுதான் தேவை.

கிலோமீட்டர் கல் முடிந்து மைல்கல் வந்தது. சாவடியில் அதே போலீஸ்காரர், அதே நோட்டு.

"பாப்பா எங்க சார்?"

"காலேஜில் சேர்த்தாகிவிட்டது."

"நல்லது சார். பேரு காலையில எழுதினது இருக்கு. வயசு?"

"ஐம்பத்தெட்டு."

அவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "காலையில ஐம்பத்தாறுன்னு சொல்லியிருக்கீங்களே?"

"ஆமாம். அது தப்பு. பாப்பாவுக்கும் பதினெட்டு என்று மாற்றிக்கொள்ளுங்கள்."

பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். போலீஸ்காரர் பென்சிலின் பின்பக்கத்தால் காதைச் சொறிந்தார். "அழிச்சுட்டு எழுதட்டுங்களா?"

"அழிக்கக்கூடாது. பழையது தெரியும்படி ஒரு கோடு அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சொன்னவர் சுருக்கொப்பம் போடவேண்டும்" என்றேன்.

நோட்டை நீட்டினார். இரண்டு கோடு அடித்து, இரண்டு ஒப்பம் போட்டேன்.